யார் கையில் இருக்கிறது அந்தப் போன்?

நோயாளி ஓர் ஊரிலும் மருத்துவர் வேறோர் ஊரிலும் இருக்க, போனிலோ காணொளியிலோ நடக்கும் ஆலோசனையே தொலைமருத்துவம். இந்தியாவில் ஒன்றிய அரசின் இ-சஞ்சீவனி சேவை 2019 நவம்பரில் தொடங்கியது. இப்படி வைத்தியம் பார்ப்பது சட்டப்படி சரியா என்று மருத்துவர்களுக்கு இருந்த ஐயத்தை, 2020 மார்ச் 25 அன்று வெளியான வழிகாட்டு நெறிகள் நீக்கின. 2023 பிப்ரவரியில் ஆலோசனைகள் 10 கோடியைத் தாண்டின. பயன்பெற்றவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பது அரசின் கணக்கு.

அந்த ஒரு கணக்கை மட்டும் காட்டி, பெண்களின் மருத்துவக் குறை தீர்ந்துவிட்டது என்று எந்த மேடையிலும் சொல்ல முடியாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலும் கணக்கு இருக்கிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில், தாமே பயன்படுத்தும் செல்போன் உள்ளவர்கள் 54 விழுக்காடு. இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்கள் மூன்றில் ஒருவர். ஆண்களிலோ 57 விழுக்காடு. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் ஊருக்கு வெளியேயும் தனியே போக அனுமதி பெற்ற பெண்கள் 42 விழுக்காடு. அனுமதி! பிள்ளை பெற்று வளர்த்தவளும் தன் உடம்பை வைத்தியரிடம் காட்ட இன்னொருவர் தலையசைக்க வேண்டியிருக்கிறது.

இவர்களிடம் செயலி ஒன்றைக் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வது அநியாயம். போன் கணவன் சட்டைப்பையில். அவன் வேலை முடிந்து வந்த பிறகு, ஒற்றை அறை வீட்டில், மாமியாரும் பிள்ளைகளும் கேட்க, வெள்ளைப்படுதலைப் பற்றி எந்தப் பெண் பேசுவாள்? கருத்தடை பற்றி? வாங்கிய அடியைப் பற்றி? "காய்ச்சல்தான் டாக்டர்" என்று சொல்லி முடித்துக்கொள்வாள். அந்த ஆலோசனையும் கணக்கில் ஒன்றாக ஏறும்.

இ-சஞ்சீவனியிலேயே இன்னொரு வழி உண்டு. துணை சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணை அங்குள்ள செவிலியரோ சமுதாய சுகாதார அலுவலரோ பரிசோதித்து, இரத்த அழுத்தம் பார்த்து, பக்கத்தில் இருந்தபடியே தொலைவிலுள்ள மருத்துவருடன் இணைப்பது. தடுப்பூசிக்கு வந்தவள் தன் குறையையும் சொல்லிவிட்டுப் போகலாம். தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெண் மருத்துவரே இல்லாத வட்டாரத்துக்குத் திரை வழியே ஒருவர் வந்துவிடுகிறார். பணம் போக வேண்டிய வழி இதுதான்.

இதற்கும் எல்லை உண்டு. பேறுகாலச் சாவுக்கு இட்டுச்செல்லும் மூன்று தாமதங்களை 1994இல் தாடியஸ், மெய்ன் என்ற ஆய்வாளர்கள் வகுத்தனர்: மருத்துவம் தேட முடிவெடுப்பதில், மருத்துவமனை போய்ச் சேர்வதில், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில். தொலைமருத்துவம் முதலாவதைக் குறைக்கும். மூன்றாவதில் ஓரளவு கைகொடுக்கும். சாலையையும் வண்டியையும் அதனால் உண்டாக்க முடியாது. பிரசவத்துக்குப் பின் உதிரம் நிற்காதவளுக்கு வேண்டியது இரத்தமும் அறுவை அரங்கும்.

எனவே ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் தாழிட்டுப் பேச ஓர் அறை வேண்டும். பெண் மருத்துவர் திரையில் வரும் நாளும் நேரமும் ஊருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். எழுதித்தரும் இரும்புச்சத்து மாத்திரை அதே நிலையத்தின் அலமாரியில் இருக்க வேண்டும். மருத்துவர் "உடனே அனுப்புங்கள்" என்றால் வாசலுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்து நிற்க வேண்டும்.