மூன்றாவது முறை எழுதியவர்



சீனாவின் ஹாங்சோ நகரில் 1964இல் பிறந்த ஜாக் மா, கல்லூரி நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்றார். முதல் முறை கணக்கில் வாங்கியது 1 மதிப்பெண். ஆனால் ஆங்கிலம் நன்றாக வந்தது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு இலவசமாக ஊரைச் சுற்றிக் காட்டியே பேசப் பழகியிருந்தார். மூன்றாவது முறை எழுதி ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார், ஆங்கில ஆசிரியரானார். 1999இல் தம் வீட்டிலேயே 17 பேருடன் அலிபாபா நிறுவனத்தைத் தொடங்கினார். 2019இல் தலைவர் பதவியிலிருந்து விலகத் தேர்ந்தெடுத்த நாள் செப்டம்பர் 10, சீனாவின் ஆசிரியர் தினம்.

துணைத்தேர்வு எழுதாமலே நின்றுவிடும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அவர்கள் எல்லோரும் ஜாக் மா ஆகப்போவதில்லை. ஆனாலும் முடிவு வந்த மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போவோம். "உனக்கு எது நல்லா வரும்?" என்று முதலில் கேட்போம், பிறகு, "மறுபடி எழுதுப்பா" என்போம்.