வண்டியை யாரிடம் விடுவது?

(வாடகைக் கார் ஓட்டுகிறவர்களும் சிறு கார் வைத்திருப்பவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், சிறு கார் வைத்திருப்பவர்கள் அதைக் கம்பெனி ஏஜெண்டின் ஒர்க் ஷாப்பில் விடுவதா, அல்லது தெருக்கோடியிலுள்ள தனிப் பட்டறையில் விடுவதா என்பதாகும். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் நினைக்கக்கூடும். 1983-ல் மாருதி 800 வந்த பிறகுதான் நம் நாட்டில் கார் என்பது பணக்காரன் வீட்டு வாசலை விட்டுக் குமாஸ்தா வீட்டுக்கும், வாத்தியார் வீட்டுக்கும், சிறு வியாபாரி வீட்டுக்கும் வர ஆரம்பித்தது. இன்று கடனுக்கு ஒரு சிறு காரை வாங்கி, அதை ஓட்டியே குடும்பம் நடத்துகிற தோழர்கள் இங்கு பலர் இருக்கின்றீர்கள். ஒரு பில்லில் அனாவசியமாகப் போகும் இரண்டாயிரம் ரூபாய் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்தில் கை வைப்பதாகும். மற்றொரு பக்கம், சரியாகப் பார்க்காத பிரேக் என்பது உயிர் விஷயமாகும். ஆகவே இது யோசித்துச் செய்யவேண்டிய காரியமேயாகும்.

இதில் நம் ஜனங்கள் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். ஒரு கட்சியார், "கம்பெனியில் விட்டால்தான் வண்டி நிற்கும், வெளியில் விட்டால் கெட்டது" என்கிறார்கள். மற்றொரு கட்சியார், "கம்பெனி என்றாலே கொள்ளை, நம் மெக்கானிக்கே போதும்" என்கிறார்கள். இந்த இரண்டு கட்சியாரையும் நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். போன சர்வீஸில் உங்கள் வண்டிக்கு என்ன செய்தார்கள்? எந்த ரக ஆயில் ஊற்றினார்கள்? எந்தச் சாமானை மாற்றினார்கள், அது ஏன் மாற்றப்பட்டது? இதற்குப் பதில் தெரியாதவர்கள் ஒர்க் ஷாப்பில் விட்டாலும் ஒன்றுதான், பட்டறையில் விட்டாலும் ஒன்றுதான். போர்டைப் பார்த்து நம்புகிறவனும் முகத்தைப் பார்த்து நம்புகிறவனும் வேலையைப் பார்க்காதவர்களேயாவார்கள்.

முதலில் வாரண்டி என்னும் பயத்தைப் பார்ப்போம். வெளியில் ஒரு முறை கை வைத்தால் வாரண்டி அடியோடு போய்விடும் என்று பல இடங்களில் சொல்லப்படுகிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் என்னும் சர்க்கார் ஸ்தாபனம் 14 கார் கம்பெனிகளின் மீது ஓர் உத்தரவு போட்டது. அசல் உதிரிச் சாமான்களையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்து வைத்திருப்பது போட்டிக்கு விரோதம் என்றும், வெளியில் சர்வீஸ் செய்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்கக்கூடாது என்றும், வெளி வேலையின் தவறால் கெட்டுப்போனதற்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. மொத்தம் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதிக்கப்பட்டது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? மேலே அப்பீலுக்குப் போயின. அமெரிக்காவிலோ 1975-லேயே, "எங்கள் சாமானையே போட்டால்தான், எங்களிடமே வந்தால்தான் வாரண்டி" என்று கட்டிப்போடக் கூடாதென்று சட்டம் செய்துவிட்டார்கள்.

ஆகவே நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நியாயம் இருப்பது வேறு, நாளைக்கு என்ஜின் நின்றுபோனால் அதை நிரூபித்து வாங்குவது வேறு. வாரண்டிப் புத்தகத்தில், குறித்த காலத்தில் குறித்த சர்வீஸைத் தங்களிடம் செய்திருக்கவேண்டுமென்று நிபந்தனை எழுதி வைக்கிறார்கள். வழக்காடக் கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார். உங்களுக்கோ அன்றாட ஓட்டம் இருக்கிறது. எனவே என்னுடைய அபிப்பிராயம், வாரண்டி இருக்கும் வரை கால அட்டவணைப்படியான சர்வீஸை ஏஜெண்டிடமே செய்துகொள்வது புத்திசாலித்தனம் என்பதாகும். மாருதி கம்பெனி 2024 ஜூலையில் தன் சாதாரண வாரண்டியை 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோ மீட்டர் என்று உயர்த்தியது. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு அந்த லட்சம் சீக்கிரம் வந்துவிடும். வீட்டு வண்டிக்கு 3 வருஷம் முந்திக்கொள்ளும். எது முந்துகிறதோ அதுவே கணக்கு. டயர், பஞ்சர், வண்டி கழுவுவது ஆகியவற்றை எங்கு செய்துகொண்டாலும் பாதகமில்லை. இலவச சர்வீஸ் என்பதில் கூலிதான் இலவசம், ஆயிலுக்கும் வடிகட்டிக்கும் காசு உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வாரண்டி தீர்ந்த பிறகு என்ன செய்வது? சர்வீஸ் என்பது என்னவென்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சிறு பெட்ரோல் வண்டிக்குச் சாதாரணமாக 10,000 கிலோ மீட்டர் அல்லது ஒரு வருஷத்துக்கு ஒரு முறை சுமார் 3 லிட்டர் ஆயிலும், ஆயில் வடிகட்டியும் மாற்றுவது. காற்று வடிகட்டியைப் பார்ப்பது. பிரேக்கைக் கழற்றித் துடைத்துத் தேய்மானம் பார்ப்பது. பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பாட்டரி, டயர் இவைகளைப் பார்ப்பது. இவ்வளவுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரம் சேர்ந்தால் சூட்டில் சீக்கிரம் கொதித்துக் குமிழி கட்டும். அப்பொழுது ஏற்காடு, கொடைக்கானல் இறக்கத்தில் காலை அழுத்தினால் பிரேக் பிடிக்காது. ஆதலால்தான் அதைக் காலக்கிரமத்தில் மாற்றச் சொல்லுகிறார்கள். இந்த வேலைகளை எல்லாம் கையில் தொழில் தெரிந்த எந்த மெக்கானிக்கும் செய்யலாம்.

இனி ஏஜெண்டின் பில்லைப் பாருங்கள். மேலே சொன்னவை போக, என்ஜினைக் கழுவியது, கரி எடுத்தது, ஏ.சி.க்கு மருந்து அடித்தது, அடிப்பாகத்துக்குப் பூச்சு, மேலே பளபளப்புப் பூச்சு என்று வரிசையாக இருக்கும். இவைகளில் எது உங்கள் வண்டியோடு கொடுத்த புத்தகத்தின் அட்டவணையில் இருக்கிறது என்று கேளுங்கள். இல்லாவிட்டால், "எனக்கு வேண்டாம்" என்று சொல்லுங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருப்பவர் வண்டியைக் கழற்றுகிறவரல்ல. அவருக்கு விற்பனைக் கணக்கும் இருக்கலாம். அவரிடம் கேள்வி கேட்க வெட்கப்படுவானேன்? காசு யாருடையது?

அதற்காகப் பட்டறை என்றால் எல்லாம் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. போலி வடிகட்டியும் போலி பிரேக் கட்டையும் அங்குதான் சுலபமாக நுழைகின்றன. "எல்லா வண்டிக்கும் இதுதான்" என்று ஒரே பீப்பாயிலிருந்து ஆயில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்றோ, 0டபிள்யூ-16 என்றோ போட்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. ரசீது கேட்டால், "நமக்குள் என்ன ரசீது" என்பார்கள். ரசீது இல்லாத வேலைக்கு நாளை பொறுப்பாளியும் இல்லை. ரசீது இருந்தால் ஏஜெண்டானாலும் சரி, பட்டறைக்காரரானாலும் சரி, ஜில்லா நுகர்வோர் ஆணையத்தில் வழக்குக் கொடுக்கலாம். 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் புகார் சொல்லலாம்.

சில வேலைகள் பட்டறைக்கு ஏற்றவையல்ல. சாவியை வண்டியின் கம்ப்யூட்டரோடு சேர்ப்பது, உயிர் காக்கும் காற்றுப் பையின் கோளாறு, கம்பெனி தரும் புதிய கம்ப்யூட்டர்த் திருத்தம் ஆகியவை ஏஜெண்டிடமே போகவேண்டியவை. மற்றொன்று, கம்பெனியே தன் தவறென்று வண்டிகளைத் திரும்ப அழைப்பது. 2023 ஜனவரியில் மாருதி கம்பெனி காற்றுப் பைக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பார்க்க, ஆல்ட்டோ கே10 உட்பட 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதற்குக் காசு கிடையாது. நீங்கள் எத்தனை வருஷமாக வெளியில் சர்வீஸ் செய்திருந்தாலும் அது உங்களுக்கு உண்டு. கம்பெனியில் சேஸிஸ் நம்பரைச் சொல்லி விசாரித்துக் கொள்ளுங்கள்.

ஆகவே பட்டறையைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் பரீட்சை இதுதான். முதலாவது, வேலை ஆரம்பிக்கு முன் என்ன செலவாகும் என்று எழுதித் தருகிறாரா? இரண்டாவது, புதுச் சாமானின் பெட்டியையும், கழற்றிய பழைய சாமானையும் உங்கள் கையில் கொடுக்கிறாரா? மூன்றாவது, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் கருவியை மாட்டிக் கோளாறு நம்பரைப் படிக்கத் தெரியுமா, அல்லது விளக்கு எரிந்தால் பாட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி அணைக்கிறவரா? நான்காவது, தனக்குத் தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லுகிறாரா? இந்த நான்கிலும் தேறினவரிடம் தாராளமாக விடலாம். சந்தேகமிருந்தால் சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு முழுவதும் உதிரிச் சாமான் கடைகள்தானே! இதே பரீட்சையை ஏஜெண்டுக்கும் வையுங்கள். தேறினால் அங்கேயே இருங்கள்.

கடைசியாக ஒன்று. கையில் கிரீஸ் படிந்தவன் என்றால் மட்டம், குளிர் அறையில் உட்கார்ந்திருப்பவன் என்றால் உயர்வு என்கிற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. குளிர் அறைக்குப் பின்னால் உங்கள் வண்டியைக் கழற்றுகிறவன் கையிலும் அதே கிரீஸ்தான் இருக்கிறது. வேலைக்குத்தான் மரியாதை. அந்த மரியாதையோடு கூட, ரூபாய்க்குக் கூலி கேட்கிறவனிடம் ரூபாய்க்கு வேலை கேட்கவும் நமக்குத் தெரியவேண்டும்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்றிரவு வீட்டுக்குப் போய், வண்டியோடு வந்த புத்தகத்தையும் கடைசி பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதில் உள்ளது அதில் இருக்கிறதா, அதில் உள்ளது இதில் விட்டுப்போயிருக்கிறதா என்று வரிவரியாகச் சரிபாருங்கள். பிறகு எங்கே விடுவது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும் என்று சொல்லி என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.