ஒரே வளாகம், இரண்டு கேட்

(ஆய்வு மாணவர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கிறித்தவப் பள்ளிகளும் தலித் கல்வியும்' என்று தோழர்கள் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய தலைப்பைத் தூக்க எனக்குத் தெம்பு இல்லை. ஒரே ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கள்ளக்குறிச்சிப் பக்கம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள ஓர் ஆர்.சி. நடுநிலைப் பள்ளி. அரசு உதவி பெறுவது, கன்னியர் நடத்துவது. என் அப்பா அங்கே படித்தார். நான் படித்தேன். இப்போது என் அக்கா மகள் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். பெயரைச் சொல்ல மாட்டேன். நேற்று அக்காவிடம் போனில் இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, "நீ மைக்கப் புடிச்சிப் பேசிட்டுப் போயிடுவ. திங்கக்கெழம அவதான் அந்த கேட்டத் தாண்டி உள்ள போவணும்" என்றாள்.

என் முனைவர் பட்ட ஆய்வும் இதைச் சுற்றித்தான். அதற்காக இந்தப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அக்கா சொன்னதையே ஏறக்குறைய எல்லோரும் சொன்னார்கள். "டேப்ப ஆஃப் பண்ணு தம்பி, அப்புறம் சொல்றேன்."

முதலில் அந்தப் பள்ளிக்கு நாங்கள் பட்ட கடனைச் சொல்லிவிட வேண்டும். என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1970களில் ஒரு சிஸ்டர் காலனிக்குள் நடந்து வந்து, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, சொம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பையன நாளைக்கு அனுப்பும்மா" என்றாராம். அப்போது அரசுத் தொடக்கப்பள்ளி ஊர்த்தெருவின் கடைசியில் இருந்தது. அங்கே போக அந்தத் தெருவைக் கடக்க வேண்டும். பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார். அந்த அம்மா தண்ணீர் குடித்ததைத்தான் சொல்வார். எங்கள் தெருவில் முதலில் கையெழுத்துப் போட்டவர்கள், முதலில் வாத்தியார் வேலைக்குப் போனவர், முதல் நர்ஸ், எல்லோரும் அந்தப் பள்ளியின் பிள்ளைகள். வாத்தியார்கள் நேரத்துக்கு வந்தார்கள். பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்கு ஆள் வந்தது. இன்றும் கொத்தனார் வேலை செய்யும் ஒரு அண்ணன் என்னிடம் சொன்னார்: "எம் பொண்ண அங்க விட்டுட்டு நான் நிம்மதியா சாரத்துல ஏறுவேன்." அவர் கிறித்தவர்கூட இல்லை.

இதையெல்லாம் சொல்லாமல் குறையை மட்டும் சொன்னால் அது பொய். ஆனால் இந்த நன்றிதான் ஐம்பது வருடமாக எங்கள் வாயையும் கட்டிப் போட்டிருக்கிறது.

பிரச்சினை பள்ளியின் முதல் நாளிலேயே, சேர்க்கைப் படிவத்திலேயே தொடங்கிவிடுகிறது. 1998இல் என்னைச் சேர்க்க அம்மா போனார். மதம், சாதி என்று இரண்டு இடம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. பிறகு 1956இல் சீக்கியரையும், 1990இல் பவுத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றுவரை வெளியேதான். அந்தப் பத்தியை நீக்கிவிடச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் நாங்கள் 'கிறித்தவராக மதம் மாறிய ஆதிதிராவிடர்', பி.சி. உதவித்தொகை சிலவற்றை மாநில அரசு எங்களுக்கும் தருகிறது. ஆனால் வேலையிலும் உயர்கல்வியிலும் பட்டியல் சாதி ஒதுக்கீடு கிடையாது. எங்களைத் தேர்வடத்தைத் தொடவிடாத தெருக்காரர்களில் பலரும் நாங்களும் ஒரே பட்டியலில் நிற்கிறோம்.

அம்மா 'கிறித்தவர்' என்று எழுதினார். சித்தப்பா தன் மகனுக்கு 'இந்து' என்று எழுதினார். ஒரே வீட்டுத் திண்ணையில் வளர்ந்த இரண்டு பையன்கள் நாங்கள். எட்டாவது முடித்ததும் அதே கன்னியர் சபையின் மேல்நிலைப் பள்ளி விடுதியில் எனக்கு இடம் கிடைத்தது. தம்பிக்குக் கிடைக்கவில்லை. அவன் வகுப்பு மறைக்கல்விக்குப் போன நேரத்தில் நன்னெறி வகுப்பில் உட்கார்ந்தான், புதுநன்மை வாங்கவில்லை. சித்தப்பா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பல வருடம் கழித்துத் தம்பி எஸ்.சி. ஒதுக்கீட்டில் அரசு வேலைக்குப் போனான். நான் பி.சி. பட்டியலில் போட்டிபோட்டு முப்பது வயதுக்கு மேலும் படித்துக்கொண்டிருக்கிறேன். யார் செய்தது சரி என்று இரண்டு வீட்டிலும் இன்னும் சண்டை நடக்கும். நவம்பர் 2024இல் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறித்தவராக வாழ்ந்துகொண்டே இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்பது அரசமைப்புக்குச் செய்யும் மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்து வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மேசைக்கு முன்னால் நிற்கிற தாயை அந்த நீதிபதிகள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

பள்ளிக்கு உள்ளே வருவோம். பெஞ்சில் சாதி இல்லை, இதைச் சொல்லியாக வேண்டும். உயரப்படி உட்கார வைப்பார்கள். காலைக் கூட்டத்தில் செய்தித்தாள் வாசிக்க என்னை நிறுத்திய டீச்சர் ஊர்த்தெருக்காரர்தான். இன்று உங்கள் முன்னால் நடுங்காமல் பேசுகிறேன் என்றால் அவர் காரணம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேறு. அதே பிள்ளைகள், அதே வளாகத்தில் இருக்கிற கோயில். ஐந்தாம் வகுப்பில் மறைக்கல்வித் தேர்வில் நான் முதலாவது வந்தேன். பரிசாக ஒரு ஜெபமாலை கொடுத்தார்கள். பீடச்சிறுவர்களுக்கு ஆள் எடுத்தபோது என் பெயரை சிஸ்டர் எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் பட்டியலில் இல்லை. ஏன் என்று கேட்டேன். சிறுவன்தானே, கேட்டுவிட்டேன். "பங்குல ஒத்துக்க மாட்டேங்குறாங்கப்பா" என்று சொல்லி என் தலையைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீரை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் திங்கட்கிழமை அவர் எதையும் மாற்றவுமில்லை.

நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது, மார்ச் 2008இல், எறையூர் நடந்தது. எங்கள் பகுதிதான். தனிக்கோயில், தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் சாதிக் கத்தோலிக்கர்களுக்கும் இடையே மோதல், காவல்துறை துப்பாக்கிச் சூடு, இரண்டு பேர் சாவு. அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே வடக்கன்குளத்தில் கோயிலுக்குள் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துச் சுவர் இருந்ததும், அதை இடித்ததும், இடித்ததை எதிர்த்து நீதிமன்றம் போனதும் பதிவான வரலாறு. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. மடத்துக்குள் கன்னியராக இருந்து வெளியே வந்த ஒரு தலித் பெண் எழுதியது. ஆக, திருச்சபைக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 2003இல் இரண்டாம் ஜான் பால், தமிழ்நாட்டு ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார்.

இப்போது எங்கள் பள்ளியில் சுவர் இல்லை. கேட் இருக்கிறது. இதைத்தான் குடும்பங்கள் அதிகம் பேசின. எங்கள் பள்ளி வளாகத்திலேயே அதே சபை ஒரு மெட்ரிக் பள்ளி ஆரம்பித்தது. ஆங்கில வழி, கட்டணம். முன்பக்கம் மெயின் ரோட்டைப் பார்த்த கேட் அதற்கு. தமிழ் வழி நடுநிலைப் பள்ளிக்குப் பின்பக்கம், சந்தில் ஒரு கேட். ஊர்த்தெருப் பிள்ளைகளில் வசதியானவர்கள் முன் கேட்டுக்கு மாறினார்கள். ஊர்த்தெரு அம்மா ஒருவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "அது காலனிப் பள்ளிக்கூடம் ஆயிடுச்சு தம்பி, அதான் மாத்திட்டோம்." சிஸ்டர்களைக் கேட்டால் வசதிக்கேற்பப் பெற்றோரே தேர்ந்தெடுக்கிறார்கள் என்கிறார்கள். அதுவும் உண்மைதான். யாரும் யாரையும் தடுக்கவில்லை. கட்டணம் கட்ட முடிந்த எங்கள் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் முன் கேட்டிலும் போகிறார்கள். ஆனாலும் காலை மணி அடிக்கிற நேரத்தில் அந்த இரண்டு கேட்டுக்கும் எதிரே நின்று பாருங்கள், ஊரும் சேரியும் தனித்தனியாகத் தெரியும்.

இன்னொன்று. எட்டு ஆண்டுகள் நான் படித்த காலத்தில் எங்கள் காலனியிலிருந்து அந்தப் பள்ளியில் வேலை பார்த்தவர் ஒரே ஒருவர், கூட்டிப் பெருக்கிய ஆயாம்மா. முதல் வாத்தியார் எங்கள் தெருவிலிருந்து போனார் என்றேனே, அவர் வேலை பார்த்தது அரசுப் பள்ளியில். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியருக்குச் சம்பளம் தருவது அரசு, ஆளை நியமிப்பது நிர்வாகம். சிறுபான்மைப் பள்ளி என்பதால் இனச்சுழற்சி கட்டாயம் இல்லை. கல்வி உரிமைச் சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கெல்லாம் அடிப்படை அரசமைப்பின் 30ஆம் பிரிவு. அந்தப் பிரிவு வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. நான் கேட்பது, அந்தச் சிறுபான்மை யார்? இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையில் அவர்களே சொன்ன கணக்கு: 1.9 கோடிக் கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள். அப்படியானால் 30ஆம் பிரிவு எங்கள் உரிமை. எங்கள் தலையை எண்ணித்தான் அந்த உரிமையைப் பெறுகிறார்கள். அதை வைத்து நிரப்புகிற வாத்தியார் வேலையில் நாங்கள் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணுவதில்லை.

இதைப் பேசினாலே சில தோழர்கள் பதறுகிறார்கள். காவிக் கூட்டம் எடுத்துக்கொள்ளும் என்கிறார்கள். எடுத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். பள்ளி எங்களை மதம் மாற்றுகிறது என்பது அவர்கள் புகார். எங்கள் தாத்தா காலத்திலேயே மாறியாயிற்று. மாறிய பிறகும் எங்களைச் சமமாக நடத்தவில்லை என்பது எங்கள் புகார். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள முடியாது. அந்தப் பள்ளியை மூடினால் முதலில் நடுத்தெருவில் நிற்பது எங்கள் பிள்ளைகள்தான், சாரத்தில் ஏறுகிற அந்த அண்ணன் மகள்தான்.

கடைசியாக அக்கா விஷயம். மகள் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் எங்கே சேர்ப்பது என்று கேட்டாள். நான் ஆய்வாளனாச்சே, கணக்குப் போட்டுக் காட்டினேன். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளியில் ஆறாவது சேர்த்தால் அந்தக் கதவு மூடிவிடும். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் 2024 கடைசியில்தான் உதவி பெறும் பள்ளித் தமிழ் வழி மாணவிகளுக்கும் வந்தது. காலை உணவும் அப்படித்தான், 2022இல் அரசுப் பள்ளியில் தொடங்கி, ஊர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில் வந்தது. எல்லாம் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்: "கவர்மெண்ட் ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும்டா. சாயந்தரம் இருட்டிடும். டாக்டர் ஆவறது அப்புறம், மொதல்ல அவ வீட்டுக்கு வந்து சேரணும்." ஆர்.சி. பள்ளியிலேயே ஆறாவது சேர்த்தாள். என்னிடம் பதில் இல்லை.

இந்த ஆண்டு ஜூலையில் மகள் ஒரு நாள் கை வலிக்கிறது என்று வந்திருக்கிறாள். வகுப்பறை, வராண்டா, சிஸ்டர் ரூம் என்று வாரத்தில் நான்கு நாள் பெருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவளோடு போகும் மற்ற மூன்று பிள்ளைகளும் எங்கள் தெரு. "வேலை நல்லா செய்யுற பிள்ளைங்க" என்று டீச்சர் பாராட்டினாராம். நான் கொதித்தேன். மனு எழுதித் தருகிறேன், முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பு என்றேன். சிறுபான்மைப் பள்ளியில் மேலாண்மைக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரம் மட்டும்தான் என்று 2012 திருத்தத்தையும் விளக்கினேன். அக்கா போனை வைத்துவிட்டாள்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். சண்டை போடவில்லை. நாங்குநேரிக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு, வகுப்பில் பிள்ளைகளைப் பெயர் அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னதை எப்போதோ நான் சொல்லியிருக்கிறேன், அதை ஞாபகம் வைத்திருக்கிறாள். "பெருக்குறதுக்கும் அப்படி ஒரு லிஸ்ட் போட்டு செவுத்துல ஒட்டிடுங்க சிஸ்டர். அ, ஆ வரிசையில. எல்லாப் பிள்ளைங்களும் வேல கத்துக்கட்டும்" என்றிருக்கிறாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். பின்னால் உட்கார்ந்திருந்த கொத்தனார் அண்ணன் கை தூக்கியிருக்கிறார். அப்புறம் இன்னும் இரண்டு பேர். பார்க்கலாம் என்று சொல்லி சிஸ்டர் கூட்டத்தை முடித்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து லிஸ்ட் ஒட்டினார்கள். என் அக்கா மகள் பெயர் 'அ'வில் தொடங்குகிறது. முதல் நாள் அவள்தான் பெருக்கினாள். இரண்டாவது நாள் ஊர்த்தெருப் பையன் ஒருவன். அவன் வீட்டிலிருந்து இதுவரை யாரும் கேட்டு வரவில்லை. மூன்றாவது நாள் லீவு விட்டுவிட்டார்கள், மழை.