திறமையும் உண்டு, தொல்லையும் உண்டு: குழுவில் சேர்க்கலாமா?



குனோங் ராபாட் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஹியோங் பியா பிஸ்கட்டுதான் நினைவுக்கு வரும். ஈப்போவுக்கு வருகிறவர்கள் ஒரு பொட்டலமாவது வாங்காமல் திரும்புவதில்லை. எங்களுக்கோ, சுண்ணாம்புக்கல் மலை தெரியும்படி கிடக்கும் திடல்தான் ஊர். சுற்று வட்டாரத்துத் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறி, ரப்பர் மரங்கள் சாய்ந்து, தாமான்கள் எழுந்த காலத்தில் இங்கே குடிவந்த குடும்பங்கள் பல. லயத்து வீட்டை விட்டு வந்தோம். பால் வாளியையும் விட்டு வந்தோம். காற்பந்தை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டோம்.

தீபாவளிக் கிண்ணப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் குழுவின் செயற்குழு ஒரு காப்பிக் கடையில் கூடியது. பேசியது ஒரே விஷயம். எழுந்தபோது இரவு மணி பதினொன்று. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைப் பற்றிய பேச்சு. இடது காலால் அவன் பந்தைத் தூக்கி அனுப்பினால், அது கோல் கம்பத்தின் மூலையைத் தேடிப் போய் விழும். அப்படி ஓர் ஆட்டத்தை எங்கள் திடலில் நாங்கள் பார்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் பையன் அடிதடி வழக்கில் இரண்டு முறை லோக்கப்பில் இருந்தவன். குடியும் உண்டு. அவனைச் சேர்ப்பதா, வேண்டாமா?

"கறக்கிற பசு உதைத்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்றார் பெரியவர் ஒருவர். "குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதுமே, அண்ணே" என்றார் பொருளாளர். இரண்டும் நல்ல பழமொழிகள். ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாதாடினார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. காரணம், ஒரு பழைய கதை. அதை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், எழுபதுகளில், பால்மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர் இருந்தார். விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, மதியம் வரை மரம் வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் திடலுக்கு வருவார். காலணி இல்லாமல் ஆடுவார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் அவரைப் பார்ப்பதற்காகவே லோரி பிடித்து வருவார்கள். ஆனால் சம்பள நாள் வந்துவிட்டால் மனிதர் வேறு. கள்ளுக்கடையில் தொடங்கி, சம்சுவில் போய் முடிப்பார்.

குழுக்காரர்களாகிய நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கண்டித்தோமா? இல்லை. பந்தயத்திற்கு முதல் நாள் அவர் எங்கேயோ போய் விழுந்துவிடக் கூடாதே என்று, நாங்களே ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்து, எங்கள் கண் முன்னாலேயே குடிக்க வைத்துத் தூங்க வைத்தோம். மறுநாள் அவர் கோல் போட்டார். தோளில் தூக்கி ஆடினோம். நான் அப்போது இளைஞன். அது பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அவருடைய மனைவி, இடுப்பில் கைக்குழந்தையோடு திடலுக்கே வந்துவிட்டார். பெண்கள் திடலுக்குள் காலெடுத்து வைக்காத காலம் அது. "கோல் போட்டால் தூக்கிக்கொண்டு ஆடுகிறீர்களே, ஒரு நாளாவது எங்கள் வீட்டுப் பக்கம் வந்து பார்த்தீர்களா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவருக்கு ஈரல் கெட்டுப் போயிற்று. ஆட்டம் நின்றது. நாங்கள் வேறு ஆளைத் தேடிக்கொண்டோம். அந்த வீட்டுக்கு நான் போனது, அவருடைய சாவுக்குத்தான்.

இது எங்கள் தோட்டத்தில் மட்டும் நடந்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். இலட்சக்கணக்கில் பணம் புரளும் குழுக்களிலும் இதுதான் நடந்திருக்கிறது. அர்ஜென்டினாவின் மரடோனாவை அறியாதவர் உண்டா? 1984-ஆம் ஆண்டில் இத்தாலியின் நாப்போலிக் குழு அவரைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. அதற்கு முன் ஸ்பெயினில் ஆடியபோதே அவருக்குப் போதைப் பழக்கம் தொற்றியிருந்ததை, பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். நாப்போலி 1987-இலும் 1990-இலும் இத்தாலிய லீக்கை வென்றது. அந்த ஊர் அவரைத் தெய்வமாகவே கொண்டாடியது. 1991-ஆம் ஆண்டு மார்ச் மாதச் சோதனையில் கொக்கேய்ன் தெரிந்தது. பதினைந்து மாதத் தடை. 1994 உலகக் கிண்ணத்தில் மறுபடியும் ஊக்கமருந்து, மறுபடியும் வெளியேற்றம். 2020-ஆம் ஆண்டில், அறுபது வயதில் காலமானார். கோல் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அந்த மனைவி கேட்ட கேள்வியை யாராவது உரக்கக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

இங்கிலாந்தில் அர்செனல் குழுவின் தலைவர் டோனி ஆடம்ஸ். குடித்துவிட்டுக் கார் ஓட்டி விபத்துக்கு உள்ளானதால், 1990-ஆம் ஆண்டு டிசம்பரில் நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். பாதிக் காலம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அர்செனல் அவரை விலக்கவில்லை. அந்தப் பருவத்திலேயே லீக்கையும் வென்றது. "பார்த்தீர்களா, மன்னித்துச் சேர்த்துக்கொண்டார்கள், ஆள் திருந்திவிட்டார்" என்று சொல்லத் தோன்றும். உண்மை அதுவல்ல. குடி அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 1996-ஆம் ஆண்டு செப்டம்பரில்தான், "நான் குடிநோயாளி" என்று சக ஆட்டக்காரர்கள் முன்னிலையில் அவர் வாய்விட்டுச் சொன்னார். அதன் பிறகே மீட்சி. அதற்குப் பின்னும் அவர் தலைமையில் அர்செனல் 1998-இலும் 2002-இலும் லீக்கையும் சங்கக் கிண்ணத்தையும் ஒருசேர வென்றது. 2000-ஆம் ஆண்டில், தம்மைப் போல் துன்பப்படும் ஆட்டக்காரர்களுக்காக ஒரு சிகிச்சை நிலையத்தையும் தொடங்கினார்.

இந்தக் கதையில் நான் கவனிப்பது அந்த இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளைத்தான். குழுவில் இடம் கொடுத்தது அவருடைய வேலையைக் காப்பாற்றியது. நோயைத் தீர்க்கவில்லை. நன்றாக ஆடுகிறாரே என்ற திருப்தி நோயை மூடி மறைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

இன்னொரு விதமான ஆள் பிரெஞ்சுக்காரர் எரிக் காந்தோனா. இவருக்குக் கோபம்தான் தொல்லை. நடுவர் மீது பந்தை எறிந்து, விசாரணைக் குழுவினரையும் திட்டிவிட்டு, 1991-ஆம் ஆண்டு இறுதியில் காற்பந்தையே விடுவதாக அறிவித்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. 1992-இல் லீக்கை வென்றது. பிறகு மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியது. 1995 ஜனவரி 25-ஆம் நாள், திட்டிய பார்வையாளர் ஒருவரைத் தடுப்பு வேலியைத் தாண்டிப் பாய்ந்து உதைத்தார். உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. செப்டம்பர் இறுதி வரை ஆடத் தடை. நீதிமன்றம் முடிவில் 120 மணி நேரச் சமூக சேவை விதித்தது. அவர் சிறுவர்களுக்குக் காற்பந்து சொல்லிக் கொடுத்து அந்தத் தண்டனையைக் கழித்தார். நடுவில் மனம் வெறுத்துப் பாரிஸுக்குப் போய்விட்டபோது, நிர்வாகி அலெக்ஸ் பெர்குசன் தாமே பாரிஸுக்குப் போய்ப் பேசி அழைத்து வந்தார். அடுத்த ஆண்டு இரண்டு கிண்ணங்கள்.

பெர்குசன் கிண்ணத்தை எண்ணித்தான் போனார், சந்தேகமில்லை. ஆனாலும் போனார். நாங்கள் நாலு லயம் தள்ளி இருந்த வீட்டுக்குப் போகவில்லை.

எல்லாத் தொல்லையும் ஒரே தொல்லை அல்ல, நேயர்களே. இங்கே நம் நாட்டு அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். மலேசியாவில் 1989-ஆம் ஆண்டில் அரைத் தொழில்முறை லீக் வந்தது. 1994-இல் முழுத் தொழில்முறை லீக். அந்தக் காலத்திலேயே ஆட்டத்தைச் சூதாட்டத் தரகர்களுக்கு விற்கும் ஊழல் வெடித்தது. 126 பேர் விசாரிக்கப்பட்டார்கள். 58 ஆட்டக்காரர்களுக்குத் தடை. ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கம். சிலர் சொந்த ஊரிலிருந்து வேறு மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நட்சத்திரங்களாக இருந்தவர்கள் பலர் அதோடு மறைந்தார்கள். திடல்களில் கூட்டம் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1970-க்குப் பிறகு 28 ஆண்டு காத்திருந்து 1998-இல் பேராக் மலேசியக் கிண்ணத்தை வென்றபோது, ஈப்போவில் நாங்கள் குதித்த குதியில் அந்தக் கசப்பும் கொஞ்சம் கரைந்தது என்பேன். ஆனால் பாடம் முழுவதும் படியவில்லை. 2012-ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலான் இளையோர் குழுவின் 18 பேர் இதே குற்றத்திற்காகத் தடை செய்யப்பட்டார்கள். பள்ளிப் பருவம் தாண்டிய பிள்ளைகள் அவர்கள்!

குடிப்பவன் முதலில் தன்னைக் கெடுத்துக்கொள்கிறான். ஆட்டத்தை விற்றவன் சக ஆட்டக்காரர் பத்துப் பேரின் வியர்வையை விற்கிறான். முதலாமவனைக் குழுவுக்குள் வைத்துத் திருத்தப் பார்க்கலாம். இரண்டாமவனைத் தடைக்காலம் முடியுமுன் திடலுக்குள் விடுவது, அதே கடையின் சாவியை அவனிடமே கொடுப்பது போல. அதற்கும் மேலே ஒன்று: வீட்டில் மனைவியை, தாயை அடிக்கிறவன். இதை ஆண்கள் கூடிப் பேசும் காப்பிக் கடையில் "குடும்ப விஷயம்" என்று ஒதுக்கிவிடுவார்கள். நான் ஒதுக்க மாட்டேன். அடிபட்டவர் பாதுகாப்பாக இருக்கிறாரா, போலீசில் சொல்லியாயிற்றா என்பதுதான் முதல் கேள்வி. அவன் இடது பக்கம் ஆடுவானா, வலது பக்கம் ஆடுவானா என்பதெல்லாம் பிறகு.

அன்றிரவு கடைசியில் நானும் வாயைத் திறந்தேன். ஒரு கேள்விதான் கேட்டேன். "இதே குற்றங்களைச் செய்த, ஆட்டம் தெரியாத பையன் ஒருவன் வந்து நின்றால், அவனைத் திருத்த வேண்டும் என்று இவ்வளவு நேரம் பேசுவோமா?" மேசை அமைதியாகிவிட்டது. நாம் கருணை என்று சொல்வதில் பாதி, கிண்ணத்தின் மேல் உள்ள ஆசை. அது தவறில்லை. ஆனால் அதைக் கருணை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அப்படிச் சொன்னால், ஆட்டம் நின்ற நாளில் கருணையும் நின்றுவிடும்.

இன்னொரு பையனையும் நினைவுபடுத்தினேன். ஒரு பயிற்சிக்கும் தவறாமல் வருகிறவன். பந்துப் பையைச் சுமக்கிறவன். இரண்டு ஆண்டுகளாகப் பலகையில் உட்கார்ந்திருக்கிறவன். லோக்கப்பிலிருந்து வந்தவனுக்கு நேரே இடம் கொடுத்தால், அவன் எதைக் கற்றுக்கொள்வான்?

பிறகு பேச்சு வேறு பக்கம் திரும்பியது. யார் அவன் வீட்டுக்குப் போவது? வெல்டிங் பட்டறையில் அவனுக்கு வேலை கேட்க யாருக்கு ஆள் தெரியும்? போட்டியில் கிடைக்கும் பணத்தை அவன் கையில் கொடுப்பதா, தாயிடம் கொடுப்பதா? பயிற்சிக்குக் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வது? இதை இறுதியாட்டத்தன்று அல்ல, இப்போதே எழுதி வைக்க வேண்டும் என்றார் பொருளாளர். நல்ல யோசனை.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குடியும் போதையும் மானக்கேடு என்று மூடி வைக்காதீர்கள். அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் சொன்னால், உரிய மருத்துவரிடம் அனுப்புவார்கள். போதைப்பொருளுக்கு அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சைக்கு விண்ணப்பிக்க 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி உண்டு. தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தில் விசாரிக்கலாம். தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் நம்மவர்கள் சிரிக்கிறார்கள், அல்லது நடுங்குகிறார்கள். அங்கே இருப்பது 1911-இல் தொடங்கிய மருத்துவமனை. மருத்துவமனைக்குப் போவதில் சிரிக்க என்ன இருக்கிறது?

செயற்குழுவின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பையனைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டோம். தீபாவளிக் கிண்ணத்தில் ஆட விடவில்லை. இடது பக்கம் ஆடியது பந்துப் பை சுமக்கிறவன். பெரியவரும் நானும் மறுநாள் மாலை அவன் வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்ற தாய், மகன் மறுபடியும் எங்கேயோ மாட்டிக்கொண்டான் என்று நினைத்துப் பதறிவிட்டார். இல்லை அம்மா, சும்மாதான் பார்க்க வந்தோம் என்று சொல்லி நம்ப வைக்கவே நேரமாயிற்று. உள்ளே போய் உட்கார்ந்தோம். தேநீர் கொடுத்தார்.

அரையிறுதியில் தோற்றோம். அவன் ஆடியிருந்தால் வென்றிருப்போம் என்று ஊரில் இன்றைக்கும் பேச்சு. இருக்கலாம். ஆட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, வலையைக் கழற்றி மடிக்க இரண்டு பேர் நின்றார்கள். அதில் ஒருவன் அவன். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கும் வந்தான். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வரவில்லை. பெரியவர் மறுபடியும் சைக்கிளை எடுத்தார்.