படம் எடுக்கப் போன இடத்தில்

(தோட்ட இளைஞர் கழகத்தின் மாதக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஹோட்டன் சமவெளிக்குப் போய் வந்ததைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பேசுகிறேன். ஆனால் அதோடு நம்ம எட்டாம் நம்பர் மலையில் நடந்ததையும் பேசாமல் விட முடியாது. அதில் என் பிழையும் இருக்கிறது.

விடியக்காலை மூன்று மணிக்கு வேன் எடுத்தோம். பிந்திப் போனால் உலக முடிவில் பனிமூட்டம் மூடிவிடும், படத்தில் வெள்ளைச் சீலை விரித்த மாதிரித்தான் தெரியும். வாசலில் பைகளைச் சோதித்து பொலித்தீனை எல்லாம் வாங்கிவிட்டார்கள். ரொட்டியைப் பொலித்தீனில் சுற்றிக் கொடுத்த தாய்மார் இங்கே இருக்கிறீர்கள், அடுத்த முறை கடதாசியில் சுற்றிக் கொடுங்கள்.

உள்ளே போனதும் மரை. மாட்டளவு உடம்பு, கிளை விட்ட கொம்பு. ஆட்கள் பிஸ்கட் கொடுத்துக் கொடுத்து அதுகளுக்குப் பயம் விட்டுப் போயிருக்கிறது. நம்ம தம்பி ஒருவர் கையில் பிஸ்கட்டை நீட்டிக்கொண்டு, "ஐயா, சட்டென்று ஒரு படம் எடுங்க" என்றார். நான் எடுக்கவில்லை. அது தலையை ஒருமுறை திருப்பினால் கொம்பு எங்கே படும்? அந்தக் காட்டில் சிறுத்தைக்கு முக்கியமான இரையே மரைதான். அதைப் பிஸ்கட்டுக்குப் பழக்கினால் றோட்டோரமே கதி என்று நிற்கும், போட்டுவிட்டுப் போகிற பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும்.

உலக முடிவில் நின்றால் 800 மீற்றருக்கு மேலே பள்ளம். கீழே தேயிலை மலையும் லயமும் தீப்பெட்டி மாதிரித் தெரிந்தது. எல்லோரும் அதைத்தான் படம் எடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு நல்ல படம் எடுத்தது ஒரு தங்கச்சி. பாசி பிடித்த கிளையில் மூக்கில் வெள்ளைக் கொம்போடு ஒரு ஓணான். இலங்கை மலைநாட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத சாதி அது. கிட்டப் போகாமல், பிளாஷ் போடாமல், ஈர நிலத்தில் குந்தி அரை மணி நேரம் காத்திருந்தது அந்தப் பிள்ளை. ஓணான் கடைசி வரைக்கும் இடம் மாறவில்லை. படம் எடுக்கிறது என்றால் அப்படி.

இனி எட்டாம் நம்பர் மலை. கவ்வாத்து வெட்டாத பக்கத்தில், கானுக்குள் இரண்டு சிறுத்தைக் குட்டிகளை ஒரு தம்பி கண்டார். தாய் இல்லை. போனில் படம் எடுத்துக்கொண்டு ஓடி வந்து எனக்குக் காட்டினார். எனக்கும் சந்தோசம். நான் என்ன செய்தேன்? அதைப் பெரிதாக அடித்து, மலை நம்பரையும் எழுதி, மடுவத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.

பின்னேரம் நாற்பது பேர் அங்கே. குட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று சிலர். தாய் இரை தேடப் போனால் குட்டியை இப்படித்தான் மறைத்து வைத்துவிட்டுப் போகும், தாயில்லாக் குட்டி என்று நினைக்கக் கூடாது. சிறுத்தை சும்மா மனிசன் மேலே பாயாது, ஆனால் குட்டிக்கும் அதுக்கும் நடுவில் ஆள் நின்றால் கதை வேறு. நல்ல காலம், தலைவர் வந்து எல்லோரையும் விரட்டிவிட்டார். ராத்திரியோடு தாய் குட்டிகளை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

நாலு நாள் கழித்து அதே இடத்தில் கேபிள் கம்பியில் போட்ட சுருக்கில் ஒரு அக்காவின் நாய் மாட்டியது. முன்னங்கால் போய்விட்டது. சுருக்கு யார் போட்டது என்று நான் இங்கே விசாரிக்க வரவில்லை. பன்றிக்குத்தான் போட்டோம் என்பார்கள். கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியுமா? 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு எடுத்து, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சில நாளில் செத்துவிட்டது. அதே கம்பியில் கொழுந்துக் கூடையோடு போகிற உங்கள் காலும் மாட்டலாம். இடத்தைக் காட்டிக் கொடுத்தது நான் எழுதிய அந்த நம்பர்தான் என்று நினைக்கிறேன். அந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவ ஒன்றும் பேசவில்லை, தேத்தண்ணி மட்டும் ஊற்றிக் கொடுத்தா.

போன் வைத்திருக்கிற தம்பிமாருக்கு இன்னொன்று. 2018 யூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை ஊருக்குள் வந்து ஆட்களைக் காயப்படுத்தியது. அதை அடித்துக் கொன்று, படமும் வீடியோவும் எடுத்துப் பரப்பினார்கள். கடைசியில் அந்தப் படங்களை வைத்துத்தான் ஆட்களைப் பிடித்தார்கள். சிறுத்தையைக் கொல்வதும் சுருக்கு வைப்பதும் சட்டப்படி குற்றம்.

அதனால் கழகத்தில் இப்படி முடிவு செய்திருக்கிறோம். சிறுத்தையோ குட்டியோ கண்டால் முதலில் கங்காணியிடம் சொல்லி அந்த மலையில் கொழுந்து எடுக்கிற ஆட்களை நிறுத்த வேண்டும். துரையும் மாற்று மலை தருவதாகச் சொல்லியிருக்கிறார், பேர் போடாமல் விடமாட்டோம் என்றும் சொன்னார். அதைத் தலைவர் எழுத்தில் வாங்க வேண்டும். பிறகு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் சொல்லலாம். படம் எடுத்தால் என்னிடம் காட்டுங்கள், இடத்தை யாருக்கும் சொல்லவேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

அடுத்த படப் பயணம் தூரத்துக்கு இல்லை. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு நம்ம தவறணைக்கு மேலே உள்ள காட்டோரம். நீல உடம்பும் சிவந்த சொண்டும் காலுமாக ஒரு குருவிக் கூட்டம் அங்கே வருகிறது, கொழுந்து எடுக்கிற அக்காமாருக்குத் தெரியும். போன் இல்லாத பிள்ளைகளும் வரலாம், கழகத்தின் கெமரா ஒன்று இருக்கிறது. அட்டை கடிக்கும், உப்பும் சவர்க்காரமும் கொண்டு வாருங்கள்.