காலநிலைப் பணிக்கு எத்தகைய பிள்ளைகள் தேவை?

(ஜமாஅத் கல்விக்குழு நடத்திய மாணவர் வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் நம் பிள்ளைகளிடம் மருத்துவமா, கணினியா என்று கேட்கிறோம். மூன்றாவது வினா நம் நாவில் வருவதில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததையும், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் வந்ததையும் கண்டவர்கள் நாம். மழையையும் வெயிலையும் அளந்து, அதற்கேற்ப ஊரை அமைக்கும் பணி இனிப் பெருகுமேயன்றிக் குறையாது. நுங்கம்பாக்கம் வானிலை மையமும், தரமணி எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், பள்ளிக்கரணை தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் நமக்குப் பேருந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன.

அப்பணிக்கு மதிப்பெண் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதனினும் வேண்டுவது வேறு.

அன்னா மணி அம்மையார் 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். பெங்களூரில் சர் சி.வி. இராமனிடம் வைரங்களின் ஒளியை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கவில்லை. இயற்பியல் பயிலும் ஆவலோடு 1945-இல் இலண்டன் செல்ல முற்பட்டபோது, கிடைத்த உதவித்தொகையோ வானிலைக் கருவிகளைப் பற்றிய கல்விக்கானது. மனம் கசந்து ஒதுங்காமல் அதையே ஏற்றார். 1948-இல் பூனாவில் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்யும் வழி கண்டார்; ஏறத்தாழ 100 கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தினார். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்து, அவ்வளவுகளை 1980-இல் நூலாக்கினார். மொட்டை மாடியில் சூரியப் பலகை பொருத்துவோரின் கணக்குக்கு இத்தகைய அளவுகளே அடிப்படை. கருவி சிறிது பிசகினாலும் உடனே எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அங்கேயும் பிசகக் கூடாதென்று எண்ணும் நெஞ்சமே இத்துறையின் முதல் தேவை. நாணயமாகக் கணக்கெழுதிப் பழகிய வணிகக் குடும்பங்களுக்கு இது புதிதன்று.

அளந்து வைத்தால் மட்டும் போதுமா? பெசன்ட் நகருக்கு வாருங்கள். கடலோர மணலில் மழைநீர் நன்னீராகத் தங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. அளவின்றி இறைத்தால் உப்புநீர் ஏறிவிடும். மழைநீரை மண்ணுக்குள் இறக்கினால் கிணறு தேறும். இதை 1990-களில் அப்பகுதியில் வீடு வீடாகச் சென்று சொன்னவர் இயற்பியல் கற்ற சேகர் இராகவன். தொடக்கத்தில் செவிமடுத்தோர் சிலரே. அவர் ஓயவில்லை. 2002-இல் மந்தைவெளியில் மழை இல்லம் திறக்கப்பட்டது. எவரும் சென்று பார்த்துக் கேட்டறியலாம் என்ற ஏற்பாடு. 2003-இல் மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது. சட்டத்திற்காகப் பெயருக்குக் குழாய் பதித்த வீடுகளும் உண்டென்பது நாமறிந்ததே; ஆகவே சட்டம் வந்த பின்பும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதையே முகம் சுளிக்காமல் பத்தாவது வீட்டிலும் சொல்லும் பொறுமையை எந்தக் கல்லூரியும் பாடமாக வைப்பதில்லை.

பெற்றோரே, பிள்ளை பேச்சில் வல்லவரா என்று மட்டும் பாராதீர்கள். எடுத்த சிறு வேலையை ஆறு மாதம் விடாமல் செய்கிறாரா என்று பாருங்கள்.

அதை அறிய எளிய வழியொன்றைக் கல்விக்குழு ஏற்பாடு செய்துள்ளது. பள்ளிவாசல் கிணற்றின் நீர்மட்டத்தை வாரந்தோறும் அளக்க வேண்டும். மழை பெய்த நாளெல்லாம் மழைமானியைப் பார்த்துக் குறிக்க வேண்டும். அளக்க மறந்த வாரத்தை வெற்றிடமாகவே விட வேண்டும். ஊகித்து எழுதுதல் கூடாது. மாணவர், மாணவியர் இருபாலரும் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். பேரேடு அங்கேயே இருக்கும்.