தமிழ் டொமைனுக்கு மெயில் போய்ச் சேருமா?

‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’னு தமிழிலேயே முடியுற டொமைன்கள் 2010-11லேயே வந்துடுச்சு. வெப்சைட் பிரச்சினை இல்லாம திறக்குது. அதே பெயர்ல மெயில் சர்வர் வைக்கும்போதுதான் தலைவலி. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

தமிழ் டொமைன் டிஎன்எஸ்ல தமிழாவே இருக்காது. ‘எக்ஸ்என்’, அடுத்து ரெண்டு ஹைஃபன்னு தொடங்குற ஆங்கில எழுத்துக் கோவையாதான் இருக்கும். அதுக்குப் பேர் ப்யூனிகோட். எம்எக்ஸ் ரெக்கார்டும் அந்த வடிவத்துலதான் பதிவாகும். புள்ளிகளுக்கு நடுவுல இருக்கிற ஒவ்வொரு துண்டும் அந்த வடிவத்துல 63 எழுத்தைத் தாண்டக் கூடாது. நீளமான பெயர்னா, வாங்குறதுக்கு முன்னாடியே மாத்திப் பாத்துக்குங்க.

மெயில் முகவரியில ‘@’ குறிக்கு வலது பக்கம் மட்டும் தமிழ்னா கவலை கம்மி. ப்யூனிகோடா எழுதினா பழைய சர்வரும் வாங்கிக்கும். இடது பக்கமும் தமிழ்னா அந்தக் குறுக்கு வழி கிடையாது. அனுப்புற சர்வர்ல தொடங்கி, நடுவுல இருக்கிற ரிலே, வாங்குற சர்வர் வரைக்கும் எல்லாமே ‘எஸ்எம்டிபி யூடிஎஃப்8’ங்கிற வசதியை ஆதரிக்கணும். 2012ல வந்த ஆர்எஃப்சி 6531தான் இதுக்கான ஸ்டாண்டர்ட். ஜிமெயில் 2014லயும், போஸ்ட்ஃபிக்ஸ் 2015ல வந்த 3.0 பதிப்புலயும் ஆதரவு கொடுத்தாங்க.

போஸ்ட்ஃபிக்ஸ்ல அந்த செட்டிங்கை ஆன் பண்ணினா மட்டும் போதாது. உள்ளூர் டொமைன் பட்டியல், விர்ச்சுவல் டேபிள்னு டொமைன் பெயர் வர்ற எல்லா இடத்துலயும் தமிழ் வடிவம், ப்யூனிகோட் வடிவம் ரெண்டையும் எழுதணும். ஒப்பிட்டுப் பாக்கும்போது ஒண்ணை இன்னொண்ணா அது மாத்திப் பாக்காது. ஒண்ணை மட்டும் எழுதினா, மத்த வடிவத்துல வர்ற மெயிலை ‘இது நம்ம டொமைன் இல்லை’ன்னு தள்ளிடும்.

வெளியே அனுப்பும்போது எதிர் சர்வருக்கு இந்த வசதி இல்லைன்னா? தமிழ் முகவரி உள்ள மெயில் திரும்பி வந்துடும். அதனால அதே இன்பாக்ஸுக்கு ஆங்கில எழுத்துல ஒரு மாற்று முகவரியும் வச்சுக்குங்க. வேலைக்கான விண்ணப்பம், பேங்க் ஓடிபி எல்லாம் அதுல வரட்டும்.

சர்வரைச் சரி பண்ணினாலும், தமிழ் முகவரியைப் போட்டா ‘தவறான முகவரி’ன்னு சொல்ற ஃபார்ம்கள் இன்னும் நிறைய இருக்கு. அதை எழுதுறது நம்ம மாதிரி டெவலப்பர்கள்தான். ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருத்தர் தன் முகவரியைத் தானே வாசிக்க முடியுமாங்கிறது, நாம எழுதுற ஒரு வரி ரெஜெக்ஸ்ல நிக்குது. இந்த வாரம் உங்க ப்ராஜெக்ட்ல அந்த வரியைத் தேடிப் பாருங்க.